சென்னை–டொராண்டோ: 17 மணி நேரமா, 31 மணி நேரமா?

கேள்வி: 68 வயது அம்மா முதல் தடவையாகத் தனியே சென்னையிலிருந்து டொராண்டோ போகிறார். இணையத்தில் 13,400 கி.மீ., 17 மணி நேரம் என்று வருகிறது. ஏஜெண்ட் கொடுத்திருப்பதோ மும்பை, லண்டன் வழியாக 31 மணி நேரம். ஏமாற்றுகிறாரா?

அந்த 17 மணியை முதலில் மறந்துவிடுங்கள். பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் நூல் பிடித்து, அந்தத் தூரத்தை விமானத்தின் சராசரி வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரைமணி சேர்த்த கணக்கு அது. நூல் ரஷ்யாவுக்கும் கிரீன்லாந்துக்கும் மேலே போகிறது. சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானமே கிடையாது, ஆனாலும் அந்தத் தளங்கள் 17 என்றே போட்டு மக்களைக் குழப்பிக்கொண்டிருக்கின்றன.

சுற்றிப் போவதால்தான் நேரம் ஆகிறது என்றும் நினைக்க வேண்டாம். துபாய் வழியாகச் சுமார் 14,000 கி.மீ., லண்டன் வழியாகவும் ஏறக்குறைய அவ்வளவுதான். கூடுதல் 600 கி.மீ. என்பது முக்கால் மணி நேரப் பறப்பு. மீதியெல்லாம் காத்திருப்பு. சென்னை–துபாய் 4 மணி, துபாய்–டொராண்டோ 14 மணி, நடுவில் மூன்று நான்கு மணி, ஆக 22 மணிக்குள் முடிகிற பயணம் இது. திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் இன்னும் கொஞ்சம் குறையும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 4 மணிக்குக் கிளம்பி அன்றே மாலை 4.30க்கு இறங்கினால் பன்னிரண்டரை மணி அல்ல, கோடையில் ஒன்பதரையும் குளிர்காலத்தில் பத்தரையும் கூட்ட வேண்டும். மொத்த நேரத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட என்ன கஷ்டமோ, இத்தனை வருஷமாகச் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

சரி, உங்கள் ஏஜெண்ட். எனக்குப் பயம் அந்த 31 மணி நேரத்தைப் பற்றி அல்ல. மலிவாகக் காட்டுவதற்காகத் தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டவைத்து ஒரே பயணம் போல அச்சடித்துத் தருகிற வேலை நிறைய நடக்கிறது. முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமான நிறுவனம் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கைவிரிக்கும், புது டிக்கெட் உங்கள் செலவில். லண்டனில் பெட்டியை எடுத்து மறுபடி போட அம்மா குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு பிரிட்டன் விசா தேவையா என்பதையும் முன்பே பார்க்க வேண்டும். வாங்கியவர்களுக்கு இதெல்லாம் விமான நிலையத்தில்தான் தெரிகிறது, அப்போது ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? பிஎன்ஆர் என்ற முன்பதிவுக் குறியீட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து இயக்கும்போது ஆளுக்கொரு பிஎன்ஆர் இருக்கும், அப்போதும் டிக்கெட் ஒன்றாகவே இருக்கலாம், அதில் தப்பே இல்லை. இரண்டு பிஎன்ஆரைப் பார்த்துப் பயந்து நல்ல டிக்கெட்டை ரத்து செய்து பணத்தை இழந்தவர்களும் உண்டு. பார்க்க வேண்டியது 13 இலக்க டிக்கெட் எண். போகிற மூன்று விமானத்துக்கும் அதே எண் இருந்தால் ஒரே டிக்கெட், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் வேறொன்றில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. எண்ணே இல்லாமல் பிஎன்ஆர் மட்டும் தந்தால் இடம் பிடித்து வைத்திருக்கிறார், டிக்கெட் இன்னும் போடவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

இன்றைக்கே அந்த எண்ணைக் கேளுங்கள். மூன்றுக்கும் ஒன்றாக இல்லாவிட்டால் வேண்டாம், நடுவில் ஒரே ஒரு இடத்தில் மாறுகிற டிக்கெட்டாகக் கேளுங்கள். சக்கர நாற்காலியையும் அப்போதே பதிவு செய்துவிடுங்கள். அம்மா நன்றாக நடப்பவராக இருந்தாலும் பரவாயில்லை, அடுத்த வாசல் வரை கூடவே ஒருவர் வருவார்.