சிலிண்டருக்குப் பின்னால் பாம்பைப் பார்த்தோம், அப்புறம் காணோம். என்ன செய்வது?

கேள்வி: செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. பின்னால் புதர் மண்டிய காலி மனை. நான்கு நாளைக்கு முன் ராத்திரி, சமையலறையில் காஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒரு பாம்பு. இரண்டடி இருக்கும், கறுப்பு உடம்பில் குறுக்கே வெள்ளைக் கோடுகள். கணவர் துடைப்பக்கட்டையை எடுத்து வருவதற்குள் மறைந்துவிட்டது. வெளியே போனதா, உள்ளேயே இருக்கிறதா என்று தெரியவில்லை. பூண்டு நசுக்கிப் போட்டோம், பினாயில் தெளித்தோம். மாமியார் தரையில் பாய் விரித்துத்தான் படுப்பார். மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. நாங்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

பதில்: மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். இன்று ராத்திரியே உங்கள் மாமியாரைக் கட்டிலில் படுக்கச் சொல்லுங்கள். கட்டில் இல்லையென்றால் தரையிலேயே கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் இறுக்கமாகச் செருகிவிடுங்கள். குழந்தைக்கும் அப்படியே. கட்டிலில் படுத்தாலும் போர்வை, கொசுவலை எதுவும் தரையில் தொங்கக் கூடாது, அதைப் பிடித்துக்கொண்டு பாம்பு ஏறிவிடும்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம், நீங்கள் சொல்லும் அடையாளம். கறுப்பில் வெள்ளைக் கோடு என்றால் அது கட்டுவிரியனாக இருக்கலாம். நம் ஊரில் ஆளைக் கொல்லும் பாம்புகள் முக்கியமாக நான்கு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். நல்ல பாம்பு படமெடுக்கும். கண்ணாடி விரியன் குக்கர் போலச் சீறும். கட்டுவிரியன் பெரும்பாலும் எந்தச் சத்தமும் காட்டாது. பகலில் சுருண்டு கிடந்துவிட்டு ராத்திரியில்தான் நடமாடும். தரையில் தூங்குகிறவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். பல் மிகச் சிறியது, வலியும் பெரிதாக இருக்காது, வீக்கமும் வராது. எறும்போ கொசுவோ கடித்தது என்று நினைத்துத் தூங்கிவிடுவார்கள். விடிகாலையில் வயிறு வலிக்கும், வாந்தி வரும், கண் இமையைத் தூக்க முடியாது, எச்சில் விழுங்க முடியாது. வீட்டில் உள்ளவர்கள் ராத்திரி சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்திருந்தாலே எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

அது வேறு பாம்பாகவும் இருக்கலாம். வெள்ளிக்கோல் வரையன் என்று ஒன்று உண்டு. விஷமில்லாதது, பல்லி தின்ன வரும், சுவரில்கூட ஏறும். அதற்கும் குறுக்கே வெள்ளைப் பட்டைகள்தான். வரையனுக்குப் பட்டை கழுத்தருகே அகலமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். கட்டுவிரியனுக்குத் தலைக்கு அருகே கோடு இருக்காது, சற்றுத் தள்ளித் தொடங்கி வால்வரை பளிச்சென்று போகும். பெரும்பாலும் இரண்டிரண்டு கோடுகளாக இருக்கும். ஆனால் குட்டிக் கட்டுவிரியனுக்குத் தலையருகிலும் கோடுகள் தெரியும். அதனால் ராத்திரி நேரத்தில், பதற்றத்தில் ஒரு கணம் பார்த்ததை வைத்து 'விஷமில்லாததுதான்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கண்ணாடி விரியனைக் குட்டி மலைப்பாம்பு என்று நினைத்துக் கையால் தூக்கியவர்கள் உண்டு.

இனி தேடுவது. பகல் வெளிச்சத்தில் தேடுங்கள். பெரியவர்கள் இரண்டு பேர் போதும். காலில் மூடிய ஷூ, கையில் டார்ச், நீளமான கம்பு. ஒரு அறையை முழுதாகப் பார்த்து முடித்துக் கதவைச் சாத்தி, அடியில் துணியைச் செருகிவிட்டுத்தான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். பாம்புக்கு இருட்டும் இடுக்கும் வேண்டும், முதுகும் வயிறும் எதிலாவது ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே பிரிட்ஜுக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கு அடியில், அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில், செருப்பு ஸ்டாண்டில், அழுக்குத் துணிக் குவியலில், முக்கியமாகச் சுருட்டி வைத்த பாயில் பாருங்கள். எதையும் கையால் தூக்காதீர்கள். கம்பால் உங்கள் பக்கமாக இல்லாமல் பக்கவாட்டில் நகர்த்துங்கள். பாயைக் கம்பால் தள்ளி உருட்டி விரியுங்கள்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் கோலமாவு எடுங்கள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு சாண் அகலத்துக்கு, தரை லேசாக மறையும்படி தூவி விடுங்கள். காலையில் குனிந்து பாருங்கள். பல்லி போயிருந்தால் நடுவில் வால் இழுத்த மெல்லிய கோடும் இருபுறமும் புள்ளி புள்ளியாகக் காலும் தெரியும். எலி என்றால் வெறும் பாதத் தடம். பாம்பு என்றால் மாவை விரலால் வளைத்து வளைத்து வழித்துவிட்டது போல ஒரே அலை, பக்கத்தில் ஒரு புள்ளிகூட இருக்காது. எந்த அறைக்குள் போயிருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். மூன்று நான்கு இரவு இப்படிச் செய்து தடமே விழவில்லை, தேடியதிலும் ஒன்றும் இல்லை என்றால், அது வந்த வழியே போயிருக்க வாய்ப்பு அதிகம். கொசுவலையை மட்டும் கழற்றாதீர்கள்.

பூண்டும் பினாயிலும் பாம்பைத் தடுக்காது. வெங்காயம், உப்பு, கந்தகம், ரசகற்பூரம் எல்லாம் அப்படித்தான். பாம்பின் மேலேயே பினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றினால் அதற்கு உடம்பு எரியும்; எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. பாவம், அதையும் வதைத்து நீங்களும் ஆபத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்த முறை பார்த்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அதை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் நடந்ததுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. எல்லோரும் கம்பு தேட ஓடுவார்கள், திரும்பி வரும்போது பாம்பு இருக்காது. கண்ணில் படுகிற பாம்பால் பெரிய ஆபத்தில்லை, ஆறடி தள்ளி நின்றால் போதும். காணாமல் போன பாம்புதான் நான்கு நாள் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒருவர் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் குழந்தையையும் நாய் பூனையையும் வெளியே கொண்டுபோய், விளக்குகளைப் போட்டு, உள்பக்கக் கதவுகளைச் சாத்தி, இடுக்கில் துண்டை அடைத்துவிட்டு 101-க்குப் போன் செய்யட்டும். நம் மாநிலத்தில் தீயணைப்புத் துறையினர் பாம்பு பிடிக்க வருவார்கள். வனத்துறைக்கும் சொல்லலாம். பாம்பு வெளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் கதவை விரியத் திறந்து வைத்து விலகி நில்லுங்கள், பல நேரம் தானே போய்விடும்.

அடிக்கப் போகாதீர்கள். பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ கிட்டே போகும்போதுதான் பலர் கடி வாங்குகிறார்கள். தலை துண்டான பிறகும் கொஞ்ச நேரம் அது கடிக்கும். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொல்வது குற்றமும்கூட. ஒன்றைக் கொன்றால் ஜோடி தேடி வந்து பழிவாங்கும் என்பது மட்டும் வெறும் கதை.

அது ஏன் வந்தது என்று பாருங்கள். புது வீடு என்கிறீர்கள். கட்டி மிச்சமான செங்கல், டைல்ஸ், பலகை எல்லாம் கொல்லையில் சுவரை ஒட்டிக் கிடக்கிறதா? அதை முதலில் அகற்றுங்கள். எலியும் தவளையும் அங்கே குடியிருக்கும், பாம்பு அவற்றைத் தேடி வரும். மழையில் வளையில் தண்ணீர் புகுந்தால் காய்ந்த இடம் தேடியும் வரும். பின்கதவுக்கு அடியில் உங்கள் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் குட்டிப் பாம்பும் நுழையும், ரப்பர் பட்டை அடித்துவிடுங்கள். சிங்க் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டையைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். பல வீடுகளில் அதை அப்படியே விட்டுவிடுவார்கள், அது சிலிண்டர் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பாத்ரூம் தண்ணீர் வெளியே விழும் குழாயின் வாயில் கம்பி வலை கட்டுங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போக வேண்டாம்.

கடித்துவிட்டால்? 108-ஐக் கூப்பிடுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள், வீங்கினால் இறுகிவிடும். கடிபட்ட கையையோ காலையோ மட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள், நடக்க விடாதீர்கள். கயிறு போட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை கட்டுவது எதுவும் கூடாது. பாம்பைப் பிடித்துக்கொண்டும் போக வேண்டாம். இங்கே கிடைக்கிற விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் ஒரே மருந்துதான். அரசு மருத்துவமனையில் இலவசம். அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவைப்படும் பாம்பு விஷத்தில் பெரும்பங்கு உங்களுக்குப் பக்கத்திலிருந்தே போகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். 2023-இல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடித்த நேரத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். கடித்ததா இல்லையா என்ற சந்தேகம் இருந்தாலும் போய்விடுங்கள். ஒன்றும் இல்லை போலத் தெரிந்தாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்கச் சொல்வார்கள். இடையில் எழுந்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.