பிறக்கும்போது கை நரம்பு பாதித்தால், பதின்ம வயதில் ஏன் கை மறுபடி இறுகுகிறது?

குழந்தையாக இருந்தபோது ஓரளவு தேறிய கை, எட்டாம் வகுப்பு வாக்கில் நீட்ட வராமல் போவது ஏன்? பலருக்கும் வரும் சந்தேகம் இது.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து 5 நரம்புகள் கிளம்பி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கைக்கு இறங்குகின்றன. பிரசவத்தில் தலை வந்து தோள் மாட்டிக்கொண்டால் இந்தப் பின்னல் இழுபடலாம். சார்ஜர் ஒயரை வெடுக்கென்று இழுத்த மாதிரிதான்: மேலே ரப்பர் நன்றாக இருக்கும், உள்ளே கம்பி நைந்திருக்கும். லேசாக இழுபட்டது சில மாதங்களில் தேறும். அறுந்தது தானாகச் சேராது.

சரி, பதின்ம வயதில் என்ன ஆகிறது? எலும்பு மளமளவென்று வளர்கிறது. நரம்புத் தொடர்பு குறைந்த தசை அந்த வேகத்துக்கு நீள்வதில்லை. முழங்கை மடங்கியே நிற்கும். சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும்போது முழங்கை தானாக வெளிப்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஜடை பின்னக் கை பிடரிக்கு எட்டாது. எல்லா வேலையும் மற்றக் கைமேல் விழுவதால், நல்ல தோளும் வலிக்கும். இந்த வயதில் அதைவிடத் தொல்லை, பிறர் உற்றுப் பார்ப்பது. ஜெர்மனியின் கடைசிப் பேரரசர் இரண்டாம் வில்லியமுக்கே (பிறப்பு 1859) இடது கை இப்படித்தான். படங்களில் அந்தக் கையில் கையுறையைப் பிடித்து, கை குட்டையாக இருப்பதை மறைத்திருப்பார்.

“ஒழுங்காக எக்சர்சைஸ் செய்திருந்தால் சரியாகியிருக்கும்” என்பது தவறு: பயிற்சி மூட்டு இறுகாமல் காக்கும், அறுந்த நரம்பை ஒட்டவைக்காது.