நிமிடத்துக்கு ஒரு கோணம் போதும் என்றால்...

கேள்வி: காற்றுத் திசையைப் பதிவுசெய்யும் கருவி ஒன்று செய்திருக்கிறேன். ஏஎஸ்5600 காந்தக் கோண சென்சார், 3.3 வோல்ட்டில் ஓடும் மைக்ரோகன்ட்ரோலர், 2000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி. நிமிடத்துக்கு ஒரு முறைதான் கோணத்தைப் படிக்கிறேன். மற்ற நேரம் மைக்ரோகன்ட்ரோலர் தூங்குகிறது. ஆனாலும் பேட்டரி இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. சென்சாரின் மின்சிக்கன முறையை இயக்கினால் சரியாகுமா? இன்னொன்று: வடக்கிலிருந்து காற்று வீசும்போது சராசரி தெற்கு என்று வருகிறதே, ஏன்?

பதில்: மைக்ரோகன்ட்ரோலர் தூங்குகிறது, சென்சார் விழித்தே இருக்கிறது. வழக்கமான முறையில் அது 6.5 மில்லியாம்பியர் வரை இழுக்கும். 2000ஐ அதால் வகுத்துப் பாருங்கள், பதின்மூன்று நாள்தான் வரும்.

அந்தச் சென்சார் சில்லில் (சிப்) மூன்று சிக்கன முறைகள் உண்டு. மூன்றாவதில் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை மட்டும் அளக்கும், மின்னோட்டம் 1.5 மில்லியாம்பியர். ஐம்பது நாளுக்கு மேல் ஓடும். ஆனால் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிமிடத்துக்கு ஓர் அளவு போதும் என்பவருக்கு நொடிக்குப் பத்து எதற்கு? சென்சாருக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்திவிடுங்கள். காற்றோடு திரும்பும் தண்டு இப்போது எங்கே நிற்கிறது என்பதை, தண்டில் பொருத்திய காந்தத்தின் புலத்திலிருந்து அது நேரடியாக அறிகிறது. அணைந்திருந்தபோது தண்டு எவ்வளவு சுற்றியிருந்தாலும் கவலையில்லை. (சுற்றுகளை எண்ணுவதாக இருந்தால் இது கூடாது.)

ஒரு மாஸ்ஃபெட் வழியாக, அதாவது மைக்ரோகன்ட்ரோலர் இயக்கும் மின்னணு சுவிட்ச் வழியாக, மின்சாரம் கொடுங்கள். சென்சார் எழ 10 மில்லிசெகண்ட் ஆகும். 20 கழித்துப் படித்துவிட்டு அணையுங்கள். சராசரி இரண்டு மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: சென்சாரும் மைக்ரோகன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் ஐ2சி கம்பிகளின் புல்-அப் மின்தடைகள் (கம்பியை மின்வழங்கலோடு இணைத்து உயர்நிலையில் வைப்பவை). அவை பேட்டரியோடு நேராக இணைந்திருந்தால், அணைந்த சென்சாருக்குள் அந்தக் கம்பிகள் வழியே மின்சாரம் கசியும். மின்தடைகளையும் மாஸ்ஃபெட்டுக்கு அந்தப்புறம், சென்சார் பக்கமே வையுங்கள். அணைக்கும் முன் மைக்ரோகன்ட்ரோலரின் உள் புல்-அப்பையும் நிறுத்துங்கள். 3.3 வோல்ட் என்பதால் சில்லின் இரண்டு மின் கால்களையும் சேர்த்தே இணைக்க வேண்டும்.

காந்தத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, எனக்கு அதுதான் அதிகக் கவலை. வட்டக் காந்தத்தின் வடதுருவம் ஒரு பாதியிலும் தென்துருவம் மறுபாதியிலும் இருக்க வேண்டும். மேல் கீழாகத் துருவம் கொண்ட சாதாரணக் காந்தம் உதவாது. சில்லுக்கும் காந்தத்துக்கும் இடைவெளி, காந்தத்தின் வலிமையைப் பொறுத்து, அரை முதல் மூன்று மில்லிமீட்டர். கண்ணால் மதிப்பிட வேண்டாம், சில்லையே கேளுங்கள்: தானியங்கிப் பெருக்க மதிப்பு (புலத்தின் வலிமைக்கேற்ப சில் தானே கூட்டிக் குறைக்கும் அளவு) 3.3 வோல்ட்டில் 0 முதல் 128 வரை போகும், அது நடுவில் 64 அருகே நின்றால் இடைவெளி சரி. காந்தத்தைத் தண்டில் பிடித்திருப்பது இரும்பு என்றால் பிளாஸ்டிக்குக்கோ பித்தளைக்கோ மாறுங்கள். இரும்பு புலத்தை வளைத்துவிடும்.

அப்புறம் வடக்கு. 359 டிகிரியையும் 1 டிகிரியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180, அதாவது தெற்கு. சென்சார் மேல் குற்றமில்லை. ஒவ்வொரு கோணத்துக்கும் சைன், கொசைன் எடுத்துத் தனித்தனியாகக் கூட்டுங்கள். அந்த இரண்டு கூட்டுத்தொகைகளையும் ஏடான்2 (atan2) என்ற, கோணத்தைக் கண்டுபிடித்துத் தரும் கணிதச் சார்புக்குக் கொடுத்தால் சரியான சராசரித் திசை கிடைக்கும்.