மத்திய வங்கி சந்தைக்கு 40 பில்லியன் விட்டால் அது காசு அடிப்பதா?

கேள்வி: "மத்திய வங்கி ஏலத்தில் 40 பில்லியன் ரூபா சந்தைக்கு விட்டது என்று ஒரு செய்தி. அதே நாளில் வங்கிகள் மத்திய வங்கியிலேயே 100 பில்லியனுக்கு மேல் வைப்பிலிட்டன என்று இன்னொரு செய்தி. காசு மிஞ்சிக் கிடக்கும்போது ஏன் மேலும் விடுகிறார்கள்? இது காசு அடிக்கிற வேலைதானே?"

தொகைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தக் காசு எங்கே கிடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஒவ்வொரு வர்த்தக வங்கிக்கும் கொழும்பு கோட்டையிலுள்ள மத்திய வங்கியில் ஒரு தீர்ப்பனவுக் கணக்கு உண்டு. அதில் இருக்கும் ரூபாதான் வங்கி ஒதுக்கு. வெள்ளவத்தையில் ஒரு வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் புறக்கோட்டை மொத்த வியாபாரியின் வேறு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினால், கடைசியில் நடப்பது ஒன்றே: முதல் வங்கியின் தீர்ப்பனவுக் கணக்கு இறங்கும், மற்றதன் கணக்கு ஏறும். பெரிய தொகைகள் 2003 இல் வந்த லங்காசெட்டில் முறைமையில் ஒவ்வொன்றாக உடனுக்குடன் தீர்க்கப்படுகின்றன. இப்படி வங்கிகள் தமக்குள் எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் ஒதுக்கின் மொத்தம் ஒரு சதமும் மாறாது. மொத்தம் மாற வேண்டுமென்றால் மத்திய வங்கியின் ஐந்தொகையில் வேறொரு வரி மாற வேண்டும்.

அந்த வரிகளில் மூன்று மத்திய வங்கியின் ஏலத்தைக் கேட்டு அசைபவை அல்ல. ஒன்று, மக்கள் கையிலிருக்கும் தாள்காசு. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தைய நாட்களில் ஏடிஎம் வரிசை நீளும்போது வங்கிகள் மத்திய வங்கியிடமிருந்து நோட்டை வாங்கும். அதன் விலை அவற்றின் ஒதுக்கிலிருந்து கழியும். பண்டிகை முடிந்து கடைக்காரர் நோட்டைக் கொண்டுவந்து வைப்பிலிட அது திரும்பி வரும். மற்றொன்று டொலர். மத்திய வங்கி ஒரு வங்கியிடம் 10 மில்லியன் டொலரை 300 ரூபாப்படி வாங்கினால் அந்த வங்கியின் கணக்கில் 3 பில்லியன் ரூபா புதிதாக விழும். 2024 இல் மத்திய வங்கி உள்நாட்டுச் சந்தையில் நிகரமாக ஏறத்தாழ 2.8 பில்லியன் டொலர் வாங்கியது. 300 ரூபாப்படி பார்த்தாலே 800 பில்லியன் ரூபாவுக்கு மேல். ரிவர்ஸ் ரிப்போ ஏலத்துக்கு, அதாவது மத்திய வங்கி பத்திரத்தை ஈடாக வாங்கி வங்கிகளுக்குக் குறுங்காலக் கடன் கொடுக்கும் ஏலத்துக்கு, கூச்சல் போடுகிறவர்கள் இந்த வரியைக் கவனிப்பதே இல்லை. மூன்றாவது, திறைசேரி. அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கட்ட மத்திய வங்கியிடம் டொலர் வாங்கினாலோ, மத்திய வங்கி வைத்திருக்கும் முறிகளுக்கு (அரசின் நீண்டகாலக் கடன்பத்திரங்கள்) வட்டி கட்டினாலோ, ரூபா வங்கித்தொகுதியிலிருந்து வெளியேறும். ஆனால் வரிப்பணம் ஓர் அரச வங்கியிலுள்ள திறைசேரிக் கணக்குக்குப் போனால் மொத்தம் மாறாது, இருக்கும் இடம்தான் மாறும்.

இந்த ஒதுக்கு வங்கிகளுக்கு ஏன் வேண்டும்? தினசரித் தீர்ப்பனவுக்கு, அதோடு நியதி ஒதுக்கு விகிதத்துக்கு, அதாவது வைப்புகளில் ஒரு பங்கை மத்திய வங்கியில் வைத்திருக்கவேண்டும் என்ற விதிக்கு. 2021 செப்டெம்பரிலிருந்து 4 சதவீதமாக இருந்த இந்த விகிதம் 2023 ஓகஸ்ட் 16 இல் 2 சதவீதமாக இறக்கப்பட்டது. அந்த ஒரு முடிவே ஏறத்தாழ 200 பில்லியன் ரூபாவை விடுவித்தது. கணக்கு நாளுக்கு நாள் அல்ல, அரை மாதத்துக்கான சராசரியில் பார்க்கப்படும். ஒரு வங்கிக்கு 1,000 பில்லியன் ரூபா வைப்பு இருந்தால் சராசரியாக 20 பில்லியன் வேண்டும். 15 நாளுக்கு 20 என்றால் கூட்டுத்தொகை 300. முதல் ஐந்து நாளும் 14 பில்லியன்தான் வைத்திருந்தால் 70 ஆகிறது; மீதி 230 ஐப் பத்து நாளில் நிரப்ப நாளொன்றுக்கு 23 வேண்டும். காலப்பகுதியின் கடைசி நாட்களில் அழைப்புப் பணச் சந்தை (வங்கிகள் ஒன்றுக்கொன்று ஓரிரவுக் கடன் கொடுக்கும் இடம்) திடீரெனச் சூடாவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அப்போது கடன் கேட்டு ஓடுகிற வங்கி நலிந்த வங்கியாக இருக்கவேண்டும் என்றில்லை. முதல் வாரத்தில் குறைவாக வைத்த வங்கியாகவும் இருக்கலாம்.

நியதி ஒதுக்குக்கு வட்டி கிடையாது. தேவைக்கு மேல் சும்மா விட்ட காசுக்கும் கிடையாது. அதனால் மாலையில் மிச்சம் இருப்பவர் அதை மத்திய வங்கியிலேயே ஓரிரவு வட்டிக்கு வைக்கும் துணைநில் வைப்பு வசதிக்குப் போவார். குறைவு இருப்பவர் அங்கேயே ஓரிரவுக் கடன் வாங்கும் துணைநில் கடன்வழங்கல் வசதிக்கு வருவார். 2024 நவம்பர் 27 முதல் கொள்கை வட்டி ஒன்றுதான்: ஓரிரவு கொள்கை வீதம். அதற்கு அரை சதவீதம் கீழே வைப்பு வசதி, அரை சதவீதம் மேலே கடன் வசதி. 2025 மே மாதம் கொள்கை வீதம் 7.75 ஆக்கப்பட்டபோது இவை 7.25 உம் 8.25 உம் ஆயின. 10 பில்லியனை 7.25 இல் ஓரிரவு வைத்தால் 19 இலட்சத்து 86 ஆயிரம் ரூபா வரும். அதை வாங்காமல் விட எந்த வங்கியின் நிதி முகாமையாளருக்கும் மனம் வராது.

மத்திய வங்கி குறிவைப்பது தொகையை அல்ல, வீதத்தை. வங்கிகள் பிணையில்லாமல் ஒன்றுக்கொன்று ஓரிரவுக்குக் கொடுக்கும் கடனின் சராசரி நிறையேற்றப்பட்ட அழைப்புப் பண வீதம் கொள்கை வீதத்துக்கு அருகில் நிற்க வேண்டும். ஒதுக்கு எல்லோரிடமும் மிஞ்சினால் அந்த வீதம் 7.25 ஐ நோக்கிச் சரியும். அதற்குக் கீழே கடன் கொடுப்பதைவிட மத்திய வங்கியில் வைப்பதே இலாபம். எல்லோரிடமும் குறைந்தால் 8.25 ஐ நோக்கி ஏறும். இரண்டு கரைக்கும் நடுவில் நீர்மட்டத்தைப் பிடித்துவைப்பதுதான் திறந்த சந்தைத் தொழிற்பாடு. இலங்கையில் 2003 மார்ச்சிலிருந்து இதை முனைப்பாகச் செய்கிறார்கள்.

நடைமுறை இதுதான். காலையில் உள்நாட்டுத் தொழிற்பாடுகள் திணைக்களம் அன்றைய கணக்கைப் போடுகிறது: நேற்றைய மீதி, இன்று முதிரும் ரிப்போக்கள், நோட்டு எவ்வளவு வெளியே போகும், திறைசேரி என்ன கட்டும், டொலர் கொடுக்கல் வாங்கலில் எது இன்று தீரும். சந்தைத் தொழிற்பாட்டுக் குழு அதைப் பார்த்து ஏலம் வேண்டுமா, எந்தப் பக்கம், எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்று தீர்மானிக்கிறது. வர்த்தக வங்கிகளும், அரச பத்திரங்களை ஏலத்தில் நேரடியாக வாங்கி விற்கும் தனித்து இயங்கும் முதனிலை வணிகர்களும் தொகையையும் வீதத்தையும் குறித்து விலைகூறுவார்கள்.

உதாரணத்துக்கு 40 பில்லியன் ஓரிரவு ரிவர்ஸ் ரிப்போ என்று வைப்போம். 7.85 இல் 25 பில்லியன், 7.80 இல் 20 பில்லியன், 7.76 இல் 15 பில்லியன் என்று விலைகூறல்கள் வந்தன. கடன் வாங்குகிறவர்கள் கூறும் வீதம் என்பதால் கூடியது முதலில்: 25 முழுதாக, அடுத்த 20 இல் 15 மட்டும். 7.76 கூறியவர் வெறுங்கையோடு போகிறார். அவரவர் கூறிய வீதத்திலேயே ஒதுக்கினால் சராசரி 7.83. வென்ற வங்கிகள் திறைசேரி உண்டியல் (அரசின் குறுங்காலக் கடன்பத்திரம்) அல்லது முறியை மத்திய வங்கியிடம் மாற்றுகின்றன. ஒதுக்கு அவற்றின் கணக்கில் விழுகிறது. மறுநாள் வட்டியோடு காசு திரும்பிப் போகிறது, பத்திரம் திரும்பி வருகிறது. 10 பில்லியனுக்கு 7.80 இல் ஒரு இரவு வட்டி 21 இலட்சத்து 37 ஆயிரம் ரூபா. ஏலத்தைத் தவறவிட்டு மாலையில் 8.25 இல் வாங்கினால் கூடுதலாக 1 இலட்சத்து 23 ஆயிரம்.

இந்திய நாளிதழ்களையும் சேர்த்து வாசிக்கிறவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள்: ரிசர்வ் வங்கியின் பேச்சில் 'ரிப்போ' என்றால் வங்கிகளுக்குக் கடன் கொடுப்பது. இலங்கையில் அது ரிவர்ஸ் ரிப்போ, அதாவது நேர்மாற்று மீள்கொள்வனவு. இங்கே ரிப்போ என்றால் மத்திய வங்கி பத்திரம் கொடுத்துக் காசை உறிஞ்சுவது.

குறைவு ஒரு நாளோடு போகாது என்றால் 7 நாள், 14 நாள் போன்ற தவணை ஏலம். நீண்டகாலக் குறைவு என்றால், ஏற்கெனவே வெளியான பத்திரங்கள் கைமாறும் இரண்டாந்தரச் சந்தையில் உண்டியலையோ முறியையோ நிரந்தரமாக வாங்குவது. நீண்டகால மிகை என்றால் விற்பது. டொலரை இன்று வாங்கிப் பின்னொரு நாளில் திருப்பி விற்கும் ஒப்பந்தமும் ரூபாவை விடும் ஒரு வழிதான். பண்டிகைக் காலக் குறைவுக்கு நிரந்தரமாக முறி வாங்கினால் மூன்று வாரத்தில் நோட்டு திரும்பி வரும், விட்ட ரூபாவும் உள்ளேயே நிற்கும், வீதம் அடித்தளத்துக்குப் போய்விடும். கருவியைவிடத் தவணையைப் பிழையாகத் தேர்வதுதான் அதிகம் சேதம் செய்யும்.

பிணையும் ஒரு சிக்கல். பத்திரத்தின் சந்தைப் பெறுமதியில் ஒரு கழிவு போட்டுத்தான் கடன் தருவார்கள். கழிவு 10 சதவீதம் என்று வைத்தால் 10 பில்லியன் கடனுக்கு 11.1 பில்லியன் பெறுமதியான பத்திரம் வேண்டும். அதே பத்திரத்தைப் பகலில் வட்டியில்லாத உட்பகல் திரவத்தன்மை வசதிக்கோ வேறொருவருடனான ரிப்போவுக்கோ ஏற்கெனவே ஈடு வைத்திருந்தால் மாலையில் கை வெறுமை. முறி விலை விழும் நாட்களில் இது இன்னும் இறுக்கும்: காசு தேவைப்படும் அதே நேரத்தில் பிணையின் பெறுமதி சுருங்கும்.

இனி உங்கள் முதல் புதிருக்கு வரலாம். ஒரு பக்கம் 100 பில்லியன் வைப்பு, மறுபக்கம் 40 பில்லியன் கடன். இருவரும் வேறு வேறு வங்கிகள். மிகை உள்ளவர் குறைவு உள்ளவருக்குக் கொடுத்தால் ஏலமே தேவையில்லை. ஆனால் அழைப்புப் பணம் பிணையற்ற கடன். ஒவ்வொரு வங்கியும் எதிர்த்தரப்புக்கு ஒரு வரம்பு வைத்திருக்கும். 2022 இல் நாட்டின் கடன் தரப்படுத்தல் விழுந்தபோது, குறிப்பாக வெளிநாட்டு வங்கிகள் அந்த வரம்புகளை இறுக்கின; உள்நாட்டு வங்கிக்குக் கொடுப்பதைவிட மத்திய வங்கியிலேயே வைப்பதை விரும்பின. இன்னொரு பக்கத்தில் பெரிய குறைவுள்ள வங்கிகள் நாள்தோறும் கடன் வசதியில் தொங்கின. 2023 ஜனவரி 16 முதல் மத்திய வங்கி இரண்டு கதவையும் ஒடுக்கியது: வைப்பு வசதியை மாதத்தில் ஐந்து முறைதான் பயன்படுத்தலாம், கடன் வசதியில் ஒரு நாளில் வாங்குவது அந்த வங்கியின் நியதி ஒதுக்கில் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அப்போது விதித்தது. வங்கிகளை ஒன்றோடொன்று பேச வைப்பதே நோக்கம். கூடவே தவணை ரிவர்ஸ் ரிப்போவும் நடந்தது. அந்தக் கட்டுப்பாடு முரட்டுத்தனமானதுதான். ஆனால் மிகையையும் குறைவையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர மென்மையான வழி அப்போது எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் இது காசு அடிப்பதா? மத்திய வங்கி ஒதுக்கை விசைப்பலகையில் உருவாக்குகிறது என்பது உண்மை; அந்தப் பொருளில் ஆம். ஆனால் நாளை முதிர்ந்து அழியும் கடனையும், 2020 முதல் 2022 வரை நடந்ததையும் ஒரே சொல்லால் அழைத்தால் சொல்லுக்கே பொருள் போய்விடும். அப்போது திறைசேரி உண்டியல் ஏலங்களில் வீதத்துக்கு உச்சவரம்பு போட்டிருந்தார்கள். அந்த விலைக்கு வாங்க ஆளில்லாத மிச்சத்தை மத்திய வங்கி எடுத்தது. அரசாங்கம் செலவழித்த அந்த ரூபா வங்கிகளுக்கு ஒதுக்காக வந்து, கடனாகி, இறக்குமதிக்கான டொலர் கேள்வியாகி நின்றது. ரூபாவின் விலையைக் காக்க டொலரை விற்றபோது வங்கிகளின் ரூபா ஒதுக்கு வடிந்தது. வடிந்ததை மீண்டும் நிரப்பினார்கள். 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு இந்தச் சுழலில் கரைந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டது. 2023 இன் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், முதனிலைச் சந்தையில், அதாவது அரசிடமிருந்து நேரடியாக, அரசின் பத்திரங்களை மத்திய வங்கி வாங்குவதைத் தடுப்பது இதனால்தான். இரண்டாந்தரச் சந்தை வழியாக ஒதுக்கை நிர்வகிக்கும் அதிகாரம் அப்படியே இருக்கிறது.

அடுத்த முறை செய்தியில் 40 பில்லியன் என்று பார்த்தால், மத்திய வங்கியின் தளத்தில் அன்றைய தரவை எடுங்கள். வைப்பு வசதியில் கிடப்பதிலிருந்து கடன் வசதியில் எடுத்ததைக் கழியுங்கள். அதிலிருந்து இன்னும் முதிராத ரிவர்ஸ் ரிப்போ எல்லாவற்றையும் கழியுங்கள். முதிராத ரிப்போ இருந்தால் கூட்டுங்கள். வைப்பு 150, கடன் 5, முதிராத ரிவர்ஸ் ரிப்போ 60 என்றால் ஏலக் கடனை நீக்கிய மிகை 85 பில்லியன். பிறகு அழைப்புப் பண வீதத்தைப் பாருங்கள். 85 பில்லியன் மிகை இருந்தும் வீதம் 7.25 அருகே விழாமல் 7.8 இல் நின்றால் காசு சில வங்கிகளில் தேங்கியிருக்கிறது. அன்றைய ஏலம் மற்ற வங்கிகளுக்கானது. வாரக்கணக்கில் ஏலக் கடன் கூடிக்கொண்டே போய், வீதமும் கொள்கை வீதத்துக்குக் கீழே இறங்கி, அதே வாரங்களில் மத்திய வங்கி டொலரை விற்றுக்கொண்டும் இருந்தால், அப்போது வந்து இதே கேள்வியைக் கேளுங்கள். என் பதில் வேறாக இருக்கும்.