ரூட் கெனால் செய்யும்போது ரொம்ப வலிக்குமா? பேசாமல் பல்லைப் பிடுங்கிவிடலாமா?

உங்களுக்கு இப்போதே நல்ல வலி இருக்கிறது என்று நினைக்கிறேன். வலி இல்லாதவர் யாரும் பிடுங்கிவிடலாமா என்று கேட்க மாட்டார். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று இழுத்து, விழுங்கிய பிறகும் வலி நிற்காமல் இருக்கிறதா? ராத்திரி படுத்ததும் விண்விண் என்று தெறிக்கிறதா? அப்படியானால் சொத்தை எனாமலைத் தாண்டி, நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கிற பல்கூழ் வரைக்கும் போயிருக்கலாம். சுற்றிலும் கெட்டியான சுவர், உள்ளே வீங்குவதற்கு இடமே கிடையாது. அந்த வலி ஆளைக் கொல்வது அதனால்தான். ஒருநாள் தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நரம்பு செத்துப்போய், கிருமி வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம்.

நான் பல் மருத்துவம் படித்தவள் இல்லை, கெட்டுப்போன பல்கூழை எடுத்துவிட்டு உள்ளே அடைக்கிற இந்த ரூட் கெனாலைச் செய்துகொண்டவள். "எனக்கு வலியே தெரியலையே" என்று சொல்லப் பலர் வருவார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான், பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் முடிகிறது. எனக்கு நடந்ததை எழுதக் காரணம் இருக்கிறது.

எனக்குக் கீழ்க் கடைவாய்ப்பல். தாடையின் பின்பக்கம் ஊசி போட்டார்கள். பாதி உதடும் பாதி நாக்கும் மரத்துப்போயின. உதடு மரத்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு டாக்டர் துளைக்க ஆரம்பித்தார். மேலே ஒன்றும் தெரியவில்லை. நரம்பைத் தொட்டதும் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா, அவ்வளவுதான்" என்றார். கையைத் தூக்கினேன். மறுபடியும் அதே பதில். தூக்கிய கையை நான் இறக்கவே இல்லை. அப்புறம்தான் நிறுத்தினார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் மெல்லிய ஊசி ஒன்றை அழுத்திப் போட்டார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மருந்தோடு அட்ரினலின் சேர்ப்பதால் சிலருக்கு அப்படி வரும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். அதற்கு மேல் வலி என்பதே இல்லை.

கடுமையாக அழற்சி பிடித்த பல்லில், அதுவும் கீழ்க் கடைவாயில், முதல் ஊசி சரியாகப் பிடிக்காமல் போவது உண்டு. உதடு மரத்துவிட்டதால் பல்லின் உள்நரம்பும் மரத்துவிட்டது என்று சொல்ல முடியாது. டாக்டர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஊசி பிடிக்காதது அவர் தவறில்லை. வேறு இடத்தில் இன்னொரு ஊசி போட வழி இருக்கும்போது பொறுத்துக்கொள்ளச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உட்கார்ந்ததுமே "வலித்தால் கையைத் தூக்குவேன், நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

மற்றபடி நடப்பது இதுதான். பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுவார்கள். எச்சில் பல்லுக்குள் போகாது, மருந்தும் சின்னக் கருவிகளும் தொண்டைக்குள் போகாது. அரம் போன்ற மெல்லிய ஃபைல்களை விட்டு, வேருக்குள் நரம்பு ஓடுகிற வேர்க்கால்வாயைச் சுரண்டி, கிருமியைக் கொல்கிற சோடியம் ஹைப்போகுளோரைட் விட்டுக் கழுவுவார்கள். பிளீச்சிங் வாடை அடிக்கும், பயப்படாதீர்கள். வேர் எவ்வளவு நீளம் என்று அளக்கிற கருவி பீப் பீப் என்று கத்தும். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே கால்வாய், கடைவாய்க்கு மூன்று நான்கு இருக்கும், அதனால்தான் அதற்கு நேரம் அதிகம். கடைசியில் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை வைத்து அடைப்பார்கள். சிலருக்கு ஒரே அமர்வில் முடியும், சிலருக்கு நடுவில் மருந்து வைத்து மறுபடி வரச் சொல்வார்கள். வாயைத் திறந்தே வைத்திருந்ததில் எனக்குத் தாடைதான் அதிகம் வலித்தது. கடித்துக்கொள்ள ரப்பர் கட்டை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மரப்பு விட்டதும் சில நாள் கடித்தால் வலிக்கும். டாக்டர் தருகிற வலி மாத்திரை போதும். வீக்கமோ காய்ச்சலோ இல்லாதபோது ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவைப்படாது. முகம் வீங்கிக்கொண்டே போனாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. மறுநாள் லீவு கேட்டபோது மேலதிகாரி "பல்வலிக்கெல்லாமா லீவு?" என்றார். காய்ச்சல் என்றால் மறுபேச்சில்லாமல் தருகிறவர். ராத்திரி முழுக்கத் தூங்காமல் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை. பல் உடம்பில் சேர்த்தி இல்லையா?

சரி, பிடுங்குவது பற்றி. வேர் நெடுக விரிசல் விட்டிருந்தால் பெரும்பாலும் வேறு வழியில்லை. காப்பாற்றக்கூடிய பல்லாக இருந்தால் நான் பிடுங்கச் சொல்ல மாட்டேன். அந்த இடம் காலியாகவே இருந்தால் பக்கத்துப் பல் சாயலாம், எதிர்ப்பல் அதற்குள் இறங்கலாம். அப்புறம் பக்கத்துப் பற்களில் பிடித்துக் கட்டுகிற பிரிட்ஜா, எலும்பில் திருகிப் பொருத்துகிற இம்ப்ளான்ட்டா என்று அலைய வேண்டியிருக்கும்.

வலி போனதும், பல்லின் மேல் மாட்டுகிற உறையான கேப் போடாமல் நின்றுவிடுகிறவர்கள் நிறைய. அதுவரைக்கும் மேலே வைத்திருக்கிற தற்காலிக அடைப்பு நாளாக ஆகக் கசியும், கிருமி மறுபடி உள்ளே போகும். குடைந்த கடைவாய்ப்பல் கடிக்கிற வேகத்தில் பிளந்துகொள்ளவும் செய்யும். கேப் வைத்த பிறகு அந்தப் பல் மட்டும் முதலில் முட்டுவது போல் தெரிந்தால் பழகிவிடும் என்று இருக்காதீர்கள். திரும்பப் போய் உயரத்தைத் தேய்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.