பழைய ஆக்சஸ் ஃபைல், புது கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலையின் உறுப்பினர் பட்டியல், புத்தகப் பட்டியல் எல்லாம் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள நிரலான ஆக்சஸ் 97-இல் செய்தவை. பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதிதாக வாங்கியதில் உள்ள ஆக்சஸ், ‘முந்தைய பதிப்பில் உருவாக்கிய ஃபைல்’ என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. எல்லாம் போய்விட்டதா?

பதில்: எதுவும் போகவில்லை, பயப்படாதீர்கள். ஆக்சஸ் 2013-இலிருந்து 97 வடிவத்தைப் படிக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது, அவ்வளவுதான். 2003, 2007, 2010 மூன்றுமே அதைத் திறக்கும். தெரிந்தவர் யாரிடமாவது, பக்கத்து டிடிபி கடையில்கூட, 2010 இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஃபைலை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள், ஒன்றைத் தொடவே தொடாதீர்கள். இருக்கும் ஒரே ஃபைலில் ‘ரிப்பேர்’ ஓட்டிப் பார்ப்பதுதான் உண்மையில் தரவைத் தொலைக்கும் வழி. 2010-இல் திறந்ததும் நேராக ஏசிசிடிபி (ஆக்சஸின் புதிய ஃபைல் வடிவம்) ஆக்க வேண்டாம். முதலில் 2002-2003 எம்டிபியாக (பழைய ஃபைல் வடிவம்) சேமியுங்கள், இன்றைய ஆக்சஸ் அதைத் திறக்கும். ஏசிசிடிபியில் பழைய யூசர் வாரியான பாதுகாப்பு கிடையாது. அதனால் உங்கள் ஃபைலுக்குத் தனி லாகின் இருந்திருந்தால், பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து யூசர் விவரங்கள் இருக்கும் எம்டிடபிள்யூ ஃபைலையும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆக்சஸ் எங்குமே கிடைக்கவில்லை என்றால் லினக்ஸில் ‘எம்டிபி டூல்ஸ்’ என்ற இலவச நிரல் இருக்கிறது, 97 ஃபைலில் உள்ள டேபிள்களை சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த எளிய ஃபைலாக) எடுத்துத் தரும். படிவங்களும் ரிப்போர்ட்டும் வராது, தரவு வந்துவிடும்.

கேள்வி: ஃபைல் திறக்கிறது. ஆனால் பில் போடும் படிவத்தில் இன்றைய தேதி வர வேண்டிய இடத்தில் ‘புராஜெக்ட் அல்லது லைப்ரரி கிடைக்கவில்லை’ என்று பிழை. தேதி எடுக்கும் ‘டேட்’ ஃபங்ஷன்கூடவா புது ஆக்சஸில் இல்லை?

பதில்: இருக்கிறது. பிழை காட்டும் வரியில் குற்றமே இல்லை, அதைத் திருத்தி நேரத்தைக் கரைக்காதீர்கள். உங்கள் ஃபைல் நம்பியிருந்த ஏதோ ஒரு லைப்ரரி (துணை நிரல் தொகுப்பு) இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. ஒன்று இல்லாவிட்டாலும் விபிஏ (ஆக்சஸுக்குள் இருக்கும் நிரல் மொழி) குழம்பிப்போய் டேட், லெஃப்ட், ஃபார்மட் போன்ற சாதாரணப் பெயர்களிலேயே நின்றுவிடும். ஆல்ட்டுடன் எஃப் 11 அழுத்தி, டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்சஸ் போனால் ‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லோடு ஒரு வரி இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு டீபக் மெனுவில் கம்பைல் கொடுங்கள். பெரும்பாலும் அது பழைய காலண்டர் கன்ட்ரோலாகத்தான் இருக்கும், 2010-இலேயே அதை நீக்கிவிட்டார்கள். 2007-இலிருந்து தேதிப் பெட்டியிலேயே காலண்டர் வருவதால் படிவத்திலிருந்தும் அதைத் தூக்கிவிடலாம். டிஏஓ 3.6 (தரவைக் கையாளும் பழைய லைப்ரரி) காணவில்லை என்றால் அதற்குப் பதிலாக ‘ஆக்சஸ் டேட்டாபேஸ் என்ஜின்’ லைப்ரரியைத் தேர்ந்தெடுங்கள். அப்புறமும் 64 பிட் பற்றிப் புலம்பினால், டிக்ளேர் என்று தொடங்கும் வரிகளில் ‘பிடிஆர்சேஃப்’ சேர்க்க வேண்டும், அந்த வரிகளில் ஹேண்டில், பாயின்டர் வரும் இடத்தில் ‘லாங்’ என்பதை ‘லாங்பிடிஆர்’ ஆக்க வேண்டும்.

கேள்வி: எல்லாம் சரியாகத் திறந்தது, ஆனால் தமிழ்ப் பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகின்றன. யூனிகோடுக்கு மாற்ற முடியுமா?

பதில்: முடியும், மாற்றித்தான் ஆக வேண்டும். அது கெட்டுப்போன தரவு இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துருவை நிறுவினால் உடனே தமிழாகத் தெரியும். (ஆங்கில எழுத்துக்குப் பதில் விநோதக் குறிகளாகத் தெரிந்தால் 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டு வகையாக இருக்கலாம், அதற்கு வேறு மாற்றி வேண்டும். எந்த வகை என்று உறுதி செய்யாமல் எதையும் ஓட்டாதீர்கள்.)

பாமினியை ஆக்சஸுக்குள்ளேயே மாற்றும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பாமினியில் சின்ன ‘எஃப்’ என்றால் க, பெரிய ‘எஃப்’ என்றால் கு. சின்ன ‘கே’ ம, பெரிய ‘கே’ மு. ஆக்சஸோ பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். அதனால் கவனிக்காமல் ரீப்ளேஸ் ஓட்டினால் முருகன் எல்லாம் மருகன் ஆகிவிடுவார்கள். பைனரி ஒப்பீடு (பெரிய, சின்ன எழுத்தை வேறு வேறாகப் பார்ப்பது) என்று வெளிப்படையாகச் சொல்லியே ரீப்ளேஸ் எழுதுங்கள். இன்னொன்று, பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாகியிருக்கும், யூனிகோடில் பின்னால் வரும். ஆகவே கொ, கோ, கௌ போன்ற நீண்ட சேர்க்கைகளை முதலில் மாற்றி, அப்புறம் கெ, கே, கை, கடைசியில் தனி எழுத்துகள் என்று போங்கள். வரிசை மாறினால் கொம்பு அந்தரத்தில் தொங்கும்.

டேபிளில் பழைய பெயர்கள் உள்ள பத்தியை (நெடுவரிசையை) அழிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு புதுப் பத்தி சேர்த்து அதில் மாற்றிப் போட்டு, கோபால், கௌரி, ஸ்ரீதர், முத்துலட்சுமி மாதிரிச் சிக்கலான பெயர்களை இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துச் சரிபாருங்கள். தேடுவது, அகரவரிசைப்படுத்துவது எல்லாம் புதுப் பத்தியில் ஒழுங்காக வந்த பிறகு படிவங்களை அதற்கு மாற்றினால் போதும்.