ஆய்வகத்துக்கு அழைத்த பேராசிரியரிடம் உதவித்தொகை கேட்கலாமா?

கேள்வி: நான் உயிரியல் இளநிலைப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறையில் டியூஷன் எடுத்துக் கிடைக்கும் பணத்தில்தான் அடுத்த ஆண்டின் விடுதிக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கட்டி வருகிறேன். இந்தக் கோடையில் இரண்டு மாதம் தம் ஆய்வகத்தில் வேலை செய்ய வரும்படி எங்கள் துறையின் பெயர்பெற்ற பேராசிரியர் ஒருவர் சொல்லியிருக்கிறார். உதவித்தொகையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானாகக் கேட்டால் பணத்துக்காகத்தான் வருகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது. உதவித்தொகை தரும் கோடைக்கால ஆய்வுத் திட்டங்கள் எல்லாம் முதல் மதிப்பெண் எடுப்பவர்களுக்குத்தான் என்று தோழிகள் சொல்கிறார்கள். என் மதிப்பெண்கள் நடுத்தரம். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: அன்புள்ள மாணவிக்கு, கேளுங்கள். தயக்கமில்லாமல், ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேளுங்கள். இரண்டு மாதம் முழுநேரமாக ஆய்வகத்தில் இருந்தால் டியூஷன் வருமானம் நின்றுவிடும் என்பது உங்கள் நிலைமை. அதைச் சொல்வதில் பேராசை எதுவும் இல்லை. வீட்டிலிருந்து பணம் வரும் மாணவர் சம்பளமில்லாமல் ஆய்வகத்தில் நின்று அனுபவம் சேர்த்துக்கொள்ள, அப்படிப் பணம் வராத மாணவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். இரண்டு ஆண்டு கழித்து மேற்படிப்புக்கான நேர்முகத் தேர்வில் முன்னவருக்கு மட்டும் ஆய்வு அனுபவம் இருக்கிறது. இந்த இடைவெளி திறமையால் உண்டானதன்று. அதைக் குறைக்கும் வழிகளில் ஒன்றாகவே பல நாடுகளில் உதவித்தொகையோடு கூடிய திட்டங்கள் நடக்கின்றன.

இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் மெக்விக்கர் என்ற இயற்பியலாளர் 1969இல் தொடங்கிய இளநிலை மாணவர் ஆய்வுத் திட்டத்தில், ஒரு மாணவர் ஊதியத்துக்காகவோ, பாட மதிப்பீட்டுப் புள்ளிகளுக்காகவோ, தன்னார்வமாகவோ பேராசிரியரோடு வேலை செய்யலாம். இம்மூன்றில் எது என்பது வேலை தொடங்கும் முன்பே முடிவாகிவிடும் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த அம்சம். உங்கள் பேராசிரியர் மௌனமாக இருப்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாணவர்களுக்குத் தரும் பணம் பெரும்பாலும் அவருடைய ஆய்வுத் திட்டத்துக்கு வந்த நிதியிலிருந்தோ, கல்லூரி இதற்கென ஒதுக்கிய தொகையிலிருந்தோ, வெளி அமைப்பு ஒன்றின் உதவித்தொகையிலிருந்தோ வர வேண்டும். முதல் வகையில் மாணவர்களுக்கெனத் தொகை ஏதும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று அவரே பார்த்திருக்க மாட்டார். இரண்டாவது, மூன்றாவது வகைகளுக்கு நீங்கள் விண்ணப்பித்தால்தான் உண்டு, அதற்கு அவருடைய ஒப்புதல் கடிதம் தேவைப்படும்.

ஆகவே கேள்வியை ‘எனக்குப் பணம் தருவீர்களா?’ என்று வைக்காமல், ‘இந்த வேலைக்கு எந்த வழியில் உதவித்தொகை பெறலாம்?’ என்று வையுங்கள். மின்னஞ்சலில் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதலாம்: “ஐயா, கோடை விடுமுறையில் தங்கள் ஆய்வகத்தில் பணிபுரிய அழைத்தமைக்கு மிக்க நன்றி. முழு ஈடுபாட்டோடு வேலை செய்ய விரும்புகிறேன். விடுமுறையில் ஈட்டும் வருமானத்தைக் கொண்டே விடுதிக் கட்டணத்தின் ஒரு பகுதியைச் செலுத்தி வருவதால், இந்தப் பணிக்கு ஆய்வு நிதியிலோ கல்லூரி நிதியிலோ உதவித்தொகை பெற வழி உள்ளதா என்று அறிய விரும்புகிறேன். வெளித் திட்டம் எதற்காவது விண்ணப்பிக்க வேண்டும் என்றால் அதற்கான விவரங்களை நானே திரட்டித் தருகிறேன்.” இதைப் படித்து முகம் சுளிக்கும் பேராசிரியர் ஒருவர் இருந்தால், அவரைப் பற்றி இரண்டு மாதம் கழித்துத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பணத்தைவிட நான் அதிகம் கவலைப்படும் விஷயம் ஒன்று உண்டு. அதை நீங்கள் கேட்கவில்லை. அந்த ஆய்வகத்தில் உங்களுக்கு யார் வேலை சொல்லித் தருவார்? பெயர்பெற்ற பேராசிரியர்கள் கோடையில் மாநாடுகளுக்கும் நிதிக் குழுக் கூட்டங்களுக்கும் போய்க்கொண்டிருப்பார்கள். அன்றாடம் உங்கள் பக்கத்தில் நிற்பவர் ஒரு முனைவர் பட்ட மாணவராகவே இருப்பார். அது குறை அல்ல. ஜெர்மனியின் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு நடத்தும் ரைஸ் (RISE) திட்டத்தில், கோடைக்கு வரும் இளநிலை மாணவரை முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவரோடு இணைத்து, அவரையே வழிகாட்டியாக வெளிப்படையாக அறிவிக்கிறார்கள். யாரும் குறிப்பிட்டுப் பொறுப்பேற்காத நிலைதான் ஆபத்து. அப்போது மாணவர் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, குப்பிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டி, மற்றவர் செய்வதை எட்டிப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார். குடுவை கழுவுவதும் ஆய்வகத்தில் அவசியமான வேலைதான், எல்லோரும் செய்கிறார்கள். இரண்டு மாதமும் அதுவே உங்கள் வேலை என்றால் அதற்குப் பெயர் ஆய்வுப் பயிற்சி அல்ல.

எனவே நேரில் சந்திக்கும்போது சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த ஆய்வுக் கேள்வியின் எந்தச் சிறு பகுதி என்னுடையது? அன்றாடம் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்பது? உங்களை வாரம் ஒரு முறையாவது அரைமணி நேரம் சந்திக்க முடியுமா? முடிவில் நான் ஓர் அறிக்கையோ ஆய்வகக் கூட்டத்தில் ஓர் உரையோ தர வேண்டியிருக்குமா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் மகிழுங்கள், ஏனென்றால் முடிவில் ஒன்றை எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனை உங்களைப் போலவே நெறியாளரையும் கட்டுப்படுத்துகிறது. அதே ஆய்வகத்தில் சென்ற கோடையில் வேலை செய்த மாணவர் யாராவது இருந்தால் அவரிடம் தனியாகப் பேசுங்கள். ‘நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்விக்கு அவரால் தெளிவாக விடை சொல்ல முடிகிறதா என்பதைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். என் கருத்தைக் கேட்டால், புகழ்பெற்றவரின் ஆய்வகத்தில் யாரென்று தெரியாத பத்தாவது ஆளாக இருப்பதைவிட, அண்மையில் பணியில் சேர்ந்த, இரண்டே மாணவர்கள் உள்ள உதவிப் பேராசிரியரிடம் சேர்வது முதல் அனுபவத்துக்கு மேல். பின்னாளில் உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத அவருக்குத்தான் விஷயம் இருக்கும்.

இனி மதிப்பெண். உங்கள் தோழிகள் சொல்வது முழுப் பொய் அல்ல. போட்டி உண்டு, பல திட்டங்களில் மதிப்பெண்ணையும் பார்க்கிறார்கள். ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் கால்டெக் என்ற கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 1979 முதல் நடக்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில், மாணவர் தம் நெறியாளரோடு கலந்து பேசி ஆய்வு முன்மொழிவு ஒன்றை எழுதித் தர வேண்டும். தேர்வானவர் பத்து வாரம் வேலை செய்து, இறுதியில் அறிக்கையும் கருத்தரங்க உரையும் அளிக்கிறார். இந்தியாவில் பெங்களூருவின் இந்திய அறிவியல் அகாதெமி, புது தில்லியின் இந்திய தேசிய அறிவியல் அகாதெமி, பிரயாக்ராஜின் தேசிய அறிவியல் அகாதெமி ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்திலும் மதிப்பெண்களோடு, என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்ற சிறு குறிப்பும் ஆசிரியரின் பரிந்துரையும் கேட்கப்படுகின்றன. அந்தக் குறிப்பில்தான் நடுத்தர மதிப்பெண் பெற்ற மாணவர் முன்னே வர முடியும். ‘சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்’ என்று தொடங்கும் குறிப்புகள் தேர்வுக் குழுவின் மேசையில் குவிந்து கிடக்கும். அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக, நெறியாளர் பட்டியலில் நீங்கள் தேர்ந்தெடுத்தவரின் அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்குப் புரிந்த ஒன்றையும் புரியாத ஒன்றையும் குறிப்பிட்டு, உங்கள் பாடத்திட்டச் செய்முறையில் எந்த நுட்பத்தைக் கையால் செய்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத் தலைவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. செய்முறை வகுப்பில் உங்கள் வேலையைப் பார்த்த விரிவுரையாளர் எழுதும் நான்கு உண்மையான வரிகளுக்கு மதிப்பு அதிகம்.

நீங்கள் எந்த நாட்டில் படிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. தகுதி விதிகள் அதைப் பொறுத்து மாறும். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் நிதி தரும் இளநிலை மாணவர் ஆய்வு மையங்கள் உதவித்தொகையோடு பெரும்பாலும் தங்குமிடமும் தருகின்றன, ஆனால் அந்த நிதி அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கே. டாட் அமைப்பின் வைஸ் (WISE) திட்டம் இந்தியாவில் படிக்கும் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கானது. ஜெர்மனியில் தம்மை ஏற்கும் பேராசிரியரை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். கனடாவின் மைடாக்ஸ் (Mitacs) அமைப்பு நடத்தும் குளோபலிங்க் திட்டம் பல நாட்டு இளநிலை மாணவர்களைப் பன்னிரண்டு வாரம் அழைக்கிறது. எதுவானாலும் காலக்கெடுதான் பலரை வீழ்த்துகிறது. கோடைக்கான விண்ணப்பங்கள் முந்தைய ஆண்டின் செப்டம்பர், நவம்பர் மாதங்களிலேயே முடிந்துவிடுவது உண்டு. தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும்போது தேடினால் கதவுகள் அடைத்திருக்கும். இந்தக் கோடைக்குப் பிந்திவிட்டாலும் அடுத்த கோடைக்கு உங்களுக்கு நேரம் இருக்கிறது, மூன்றாம் ஆண்டு மாணவியாக உங்கள் கையும் இன்னும் வலுவாக இருக்கும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. ‘ஆய்வுப் பயிற்சி’ என்ற பெயரில் மாணவரிடமிருந்தே கட்டணம் வாங்கி, சான்றிதழும் கட்டுரை வெளியீடும் உறுதி என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே போகவே போகாதீர்கள். எட்டு வாரத்தில் கட்டுரை வெளியாகும் என்று நேர்மையான நெறியாளர் யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார். வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் இளநிலை மாணவராக இருந்தபோதே, 1928இல், தம் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார் என்பது உண்மைதான். அது தாளும் பேனாவும் கொண்டு செய்த கோட்பாட்டு ஆய்வு. உங்கள் துறையில் செல்கள் வளர வேண்டும், வளர்ந்தவை கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும், ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் கோடையில் ஒரு நுட்பத்தைச் சரியாகக் கற்று, குறிப்பேட்டைத் தேதி போட்டு ஒழுங்காக எழுதப் பழகி, தோற்ற சோதனை ஏன் தோற்றது என்று விளக்க முடிந்தால் அது நல்ல கோடை.

பேராசிரியர் ‘நிதி எதுவும் இல்லை’ என்று சொல்லிவிட்டால்? முழுநேரம் சம்பளமில்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். விடுதிக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டும்படி ஆகிவிடும், அந்தக் கவலையோடு செய்யும் வேலையும் சரியாக வராது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வர அனுமதி கேளுங்கள், மற்ற நாட்களில் டியூஷன் தொடரட்டும். அல்லது அவர் குழுவின் பழைய தரவுகளைக் கணினியில் பகுப்பாய்வு செய்யும் பகுதி ஏதாவது இருந்தால், அதை உங்கள் நேரத்துக்கு ஏற்பச் செய்ய முன்வாருங்கள். பருவம் தொடங்கியபின் அதே வேலையைப் பாடத்திட்ட ஆய்வாகக் கணக்கில் கொண்டுவர முடியுமா என்பதையும் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். முடியுமானால் பணம் வராவிட்டாலும் பாட மதிப்பீடாவது கிடைக்கும்.

மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்புங்கள். பத்து நாள் கழித்தும் பதில் வரவில்லை என்றால், மறந்திருப்பார் என்றே வைத்துக்கொண்டு, இரண்டே வரியில் நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் துறையில் வேறொருவரின் கதவைத் தட்டுங்கள்.